இலை கழுவிய தண்ணீர்

நான் வேலை பார்த்த நுண்ணுயிரியல் துறையில் மறுபடியும் மூலிகைக் கசாயங்களைச் சோதிக்கப் போகிறார்களாம். இருமலுக்கும் சளிக்கும் காரணமான பாக்டீரியாக்களை எந்தக் கசாயம் கொல்கிறது என்று பார்க்கிற வேலை. இப்போது அங்கே ஆய்வகப் பொறுப்பில் இருக்கும் ஜெனிபர் போன் செய்து, "அக்கா, நீங்க தங்கச்சாமி சார்கூடச் சேந்து பண்ணினதை எழுதிக் கொடுங்களேன், பிள்ளைகளுக்கு உபயோகமா இருக்கும்" என்றாள். செய்முறை மட்டும் போதுமா என்று கேட்டேன். "அனுபவத்தையும் சேத்து எழுதுங்கக்கா" என்றாள். பாவம், என்ன கேட்கிறோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. செய்முறையை எழுதுவதில் கஷ்டமில்லை. அனுபவத்தை எழுத உட்கார்ந்தால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

நான் எம். புதுப்பட்டிக்காரி. அப்பா பட்டாசுக் கம்பெனிக்கு ஆள் ஏற்றிப் போகும் வேன் ஓட்டினார். மதுரையில் லேப் டெக்னீஷியன் படிப்பு படித்தேன். படித்ததில் மனதில் நின்றது இவ்வளவுதான்: கையைக் கழுவு, சுடரை ஏற்று, வாயைத் திறக்காதே, கிருமி வளர்க்கும் தட்டில் பெயர் எழுத மறக்காதே. பிறகு விருதுநகர் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் வேலை கிடைத்து, போன வருஷம் அங்கேயே ஓய்வும் பெற்றேன். ஊரில் எல்லாருக்கும் நான் நர்ஸ். "நர்ஸ் இல்லை, சளியைப் பரிசோதிக்கிற ஆள்" என்று ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் விளக்கம் சொல்லப் போய், பக்கத்து இலைக்காரி பாயாசத்தைத் தள்ளிவைத்துவிட்டாள். அதற்கப்புறம் நர்ஸாகவே இருந்துகொண்டேன்.

துறைத்தலைவர் தங்கச்சாமி சாரைப் பற்றிச் சொல்லாமல் இதை எழுத முடியாது. சாத்தூர்க்காரர், ஒல்லியான மனிதர், சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. கூட்டிப் பெருக்குகிற அம்மாவைக்கூட "வாங்க" என்றுதான் கூப்பிடுவார். மருந்து கிருமியைக் கொன்ற இடத்தில் தட்டில் விழும் வட்டத்தை முதலில் என்னை அளக்கச் சொல்லிவிட்டு, அவர் முதுகைக் காட்டி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நான் அளந்து முடித்ததும் தட்டை வாங்கித் தானும் அளப்பார். இரண்டு அளவும் ஒத்துப்போனால் தலையை ஆட்டுவார். ஒத்துப்போகாவிட்டால் "மறுபடி போடுவோம்" என்பார். "போடுங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்புகிற தலைவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இவர் "போடுவோம்" என்றால் கூடவே நின்று போடுவார். அது எங்களுக்கு எவ்வளவு பெரிய தொந்தரவு என்பது கூட நின்றவர்களுக்குத்தான் தெரியும்.

செய்முறை கேட்டாயே ஜெனிபர், சொல்கிறேன். கிருமி வளர்க்கிற அகார் என்ற கூழைக் காய்ச்சி, ஆட்டோகிளேவ் என்ற நீராவிக் குக்கரில் வைத்து எடுத்து, குடுவையைப் புறங்கையில் ஒற்றிப் பார்க்க வேண்டும். கை பொறுக்கிற சூடு வந்த பிறகுதான் தட்டில் ஊற்றலாம். நிமோனியாக் கிருமி வெறும் அகாரில் முளைக்காது, அதற்கு ஆட்டு ரத்தம் வேண்டும். விடியக்காலையில் கண்ணாடி மணி போட்ட குடுவையை எடுத்துக்கொண்டு பஜார் கறிக்கடைக்குப் போவேன். ரத்தம் விழ விழக் குடுவையை ஆட்டிக்கொண்டே இருந்தால்தான் உறையாது. கடைக்காரர், "சிஸ்டர், பொரியலுக்கு உறையணும்லா, நீங்க என்ன இந்த ஆட்டு ஆட்டுதீக?" என்று தினமும் கேட்பார். வரிசையில் நிற்கிறவர்கள் எல்லாரும் சிரிப்பார்கள். தட்டு தயாரானதும் பஞ்சுக்குச்சியால் கிருமியை மூன்று திசையில் தடவி, துளைப்பானால் குழி வெட்டி, குழிக்குள் கசாயத்தை விட வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு குழியில் ஆன்டிபயாடிக், இன்னொன்றில் காய்ச்சிய வெறும் தண்ணீர். ராத்திரி முழுக்க இன்குபேட்டரில் வைத்து, காலையில் கறுப்புக் குடைத்துணி மேல் வைத்துப் பார்த்தால், கசாயத்துக்கு வேலை செய்யும் சக்தி இருந்தால் குழியைச் சுற்றித் தெளிந்த வட்டம் தெரியும். வட்டத்துக்குள் கிருமி முளைக்கவில்லை என்று அர்த்தம்.

கசாய வேலையைச் சார் தொடங்கியதற்கு ஒரு காரணம் இருந்தது. ஏழாயிரம்பண்ணை சுற்றுவட்டாரத்தில் பட்டாசு வேலைக்குப் போகும் பெண்களில் இருமாதவர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும், இருமலை போர்மேன் பார்த்தால் வேலையே போய்விடும் என்று அவர்கள் ஆடாதோடைக் கசாயத்தைக் குடித்துச் சமாளித்து வந்தார்கள். "நாமளா தோட்டத்துல செடி வளத்துச் சோதிச்சா அது நம்ம கசாயம். அவங்க குடிக்கிறதை அப்படியே கொண்டுவந்து சோதிக்கணும்" என்றார் சார். நியாயமான பேச்சு. நாங்கள் கெட்டது அந்த நியாயத்தில்தான்.

அப்படி வந்து சேர்ந்தவள்தான் முத்துமாரி. வானத்தில் கலர் கலராக எரிகிற ஃபேன்சி ரக வெடிக்குள் போடும் மருந்து உருண்டைகளை, அதாவது கலர் மணிகளை, மேடையில் காயவைத்து அள்ளுவது அவள் வேலை. கம்பெனியில் எல்லாருக்கும் கசாயம் காய்ச்சிக் கொண்டுபோவதும் அவள்தான். அவள் சளியை எடுத்து வளர்த்தபோது கிளெப்சியெல்லா என்ற நெஞ்சுச்சளிக் கிருமி முளைத்தது. காசநோய் இல்லை. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அவளுடைய கிருமி மேலேயே அவளுடைய கசாயத்தை விட்டுப் பார்த்தோம். மறுநாள் காலையில் தட்டை எடுத்துப் பார்த்தேன். கல்லூரித் தோட்டத்து ஆடாதோடைக்கு ஒப்புக்கு ஒரு சின்ன வட்டம். முத்துமாரியின் கசாயத்துக்கு ஆன்டிபயாடிக்கோடு போட்டி போடுகிற மாதிரி ஒரு வட்டம். நானும் அளந்தேன், சாரும் அளந்தார், ஒத்துப்போனது. இருந்தும் "மறுபடி போடுவோம்" என்றார். எத்தனை தடவை போட்டாலும் அதே வட்டம்.

சாருக்கு இன்னொரு வழக்கம் உண்டு. சளி கொடுத்தவர்களை வரச்சொல்லி அவர்களுடைய தட்டைக் காட்டுவார். "அவங்க கிருமி, அவங்க பாக்கணும்" என்பார். முத்துமாரி வேலை உடுப்பு மாற்றிக் குளித்து, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு வந்தாள். நான்தான் தட்டைக் கறுப்புத்துணி மேல் வைத்து, மூடியைத் திறக்காமல் விளக்கிச் சொன்னேன்.

"இந்த வெள்ளையா படர்ந்திருக்கிறதுதான் உன் நெஞ்சுல இருந்த கிருமி. இது உன் கசாயம் விட்ட குழி. சுத்திலும் பாரு, ஒண்ணும் முளைக்கல."

"செத்துப் போச்சாக்கா?"

"ஆமா."

"எம்புட்டு நாளா என்னைப் பாடாப் படுத்துனதுக, எங் கசாயத்துக்குத் தாங்கலையா!" என்று சிரித்தாள். சிரித்த வேகத்தில் இருமலும் வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதற்கப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. சார் அதை ஒரு கருத்தரங்கில் படித்தார். அந்த ஊர் மண்ணின் குணம், அவள் கைப்பக்குவம், கருப்பட்டி சேர்க்கிற பதம் என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னோம். கல்லூரி நிர்வாகத்துக்கு ஒரே சந்தோஷம். தீபாவளி முடிந்து கம்பெனிகள் மூடியிருக்கும் சமயத்தில் அவள் ஊரிலேயே ஒரு விழா வைத்து, முத்துமாரிக்குப் பொன்னாடை போர்த்துவது என்று முடிவானது. விழாவில் எல்லாரும் பார்க்கும்படி புதிதாக ஒரு தட்டு போட்டு வைக்க வேண்டும். அந்த வேலை என் தலையில் விழுந்தது.

மழை பிடித்திருந்தது. முத்துமாரி புதிதாக இலை பறித்துக் காய்ச்சிக் கொடுத்த கசாயத்தை விட்டு வைத்தேன். காலையில் பார்த்தால் வட்டத்தைக் காணோம். இருந்ததும் நம் தோட்டத்து இலைக்கு விழுந்த அதே ஒப்புக்கான வட்டம். கிருமியை மாற்றிவிட்டேனோ, குழியை மாற்றிவிட்டேனோ என்று வியர்த்துப்போய்ச் சாரிடம் போனேன். வழக்கம்போல "மறுபடி போடுவோம்" என்றார். மறுபடியும் இல்லை. நிர்வாகத்திலிருந்து ஒருவர் வந்து, "பழைய தட்டோட போட்டோதான் இருக்கே, அதைப் பெருசா பிரிண்ட் போட்டு வச்சிருவோமே" என்றார். சார் அவரை உட்காரச் சொல்லி, காபி வரவழைத்துக் கொடுத்து, முடியாது என்றார்.

மறுநாள் சாரும் நானும் முத்துமாரி இலை பறிக்கிற வேலிக்கே போனோம். ஆடாதோடையை ஆடு தொடாது என்பதால் கம்பெனிச் சுவரை ஒட்டி வேலியாக வைத்திருந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் கலர் மணி காயப்போடும் மேடை. மழை கழுவிய இலைகள் பளிச்சென்று இருந்தன. ஒரு தகரக் கூரைக்கு அடியில் மழை படாத கொத்து ஒன்று இருந்தது. சார் கைக்குட்டையை எடுத்து அதில் ஓர் இலையைத் துடைத்தார். கைக்குட்டையில் வெள்ளிப்பொடியும், கூடவே நீலம் பாய்ந்த பச்சையும் ஒட்டிக்கொண்டு வந்தன. அதை விரித்தபடியே என் பக்கம் நீட்டினார்.

இதில் என்னை இன்றுவரை தலைகுனிய வைப்பது என்ன தெரியுமா? அந்தத் தூசியை நான் பார்க்காமல் இல்லை. ஒவ்வொரு தடவையும் பார்த்தேன். எங்கள் ஊரில் இலை அப்படித்தான் இருக்கும். வேப்பிலை, முருங்கை, கொடியில் காயும் சேலை, அப்பா ஓட்டிய வேனின் சீட்டு எல்லாவற்றிலும் அது மின்னும். சிறுபிள்ளையில் அதைக் கன்னத்தில் பூசிக்கொண்டு விளையாடியிருக்கிறோம். சாரும் இந்தப் பக்கத்து ஆள்தான், அவர் கண்ணுக்கும் அது இலையின் நிறம்தான். வெளியூர்க்காரர் ஒருவர் எங்கள் ஆய்வகத்தில் இருந்திருந்தால் முதல் நாளே "இலையில என்ன மினுமினுங்குது?" என்று கேட்டிருப்பார். தண்ணீர் லாரி வந்தால்தான் குடம் நிறைகிற ஊரில் கசாயத்துக்கு இலையை யாரும் கழுவுவதில்லை, உதறிவிட்டுப் போடுவார்கள். அதுவும் எங்களுக்குத் தெரியும். கசாயத்தை நுண்வடிகட்டியில் வடித்துத்தானே விடுகிறோம், தூசி எங்கே தங்கும் என்று வேறு ஒரு நினைப்பு. கரைகிற உப்பு எந்த வடிகட்டியிலும் நிற்காது என்று முதல் வருஷத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற துறையில்தான் நான் சம்பளம் வாங்கினேன்.

மழை படாத அந்தக் கொத்தை எடுத்துவந்தோம். சார் ஒவ்வோர் இலையாகச் சுத்தத் தண்ணீரில் தானே அலசினார். கழுவிய இலையில் ஒரு கசாயம். அந்த இலையைக் கழுவிய தண்ணீரில் இலையே போடாமல் காய்ச்சி வடித்து இன்னொரு குழியில் விடச் சொன்னார். வெறும் தண்ணீருக்கு என்று ஒரு குழி எப்போதும் போட்டோம், இந்தத் தண்ணீருக்கு ஒரு குழி போடத் தோன்றவில்லை. காலையில் கழுவிய இலையைச் சுற்றி ஒன்றும் பெரிதாக இல்லை. இலை கழுவிய தண்ணீரைச் சுற்றி, கருத்தரங்கில் கைதட்டு வாங்கிய அதே வட்டம் முழுசாக நின்றது. அன்று சார் முதுகைக் காட்டி நிற்கவும் இல்லை, என்னை அளக்கச் சொல்லவும் இல்லை. பக்கத்து வேதியியல் துறையில் பார்த்துத் தாமிர உப்பு என்று சொன்னார்கள். கலர் மணிக்குப் போடுகிறது அது.

விழாவை நிறுத்தச் சொல்லிவிட்டு, "நாம போயி அந்தம்மாகிட்ட நேர்ல சொல்லணும்" என்றார் சார். போனில் சொல்லிவிடலாமே என்று நான் இழுத்தேன். வேலை உடுப்பை மாற்றிப் பூ வைத்துக்கொண்டு வந்த முகம் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. சார் தட்டை டேப் போட்டு ஒட்டிப் பையில் வைத்துக்கொண்டார். பஸ்ஸில் போனோம்.

முத்துமாரி வாசலுக்கு ஓடி வந்தாள். "வாங்க சார், வாங்கக்கா. விழாவைப் பத்திச் சொல்ல வந்தீகளா? எங்க மதினிமாரு அம்புட்டுப் பேரும் வாராக. எம்மகளும் திருத்தங்கல்லருந்து வாரா" என்றாள். பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அக்கம்பக்கத்துப் பெண்களும் வந்து நின்றார்கள்.

"மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறியா?" என்று கேட்டேன், வேறு என்ன பேசுவது என்று தெரியாமல்.

"அதை அன்னைக்கே நிறுத்திட்டேனே. கசாயம் கொல்லுறதைத்தான் ரெண்டு கண்ணாலயும் பாத்தாச்சுல்லா. இப்ப இங்கன எல்லாரும் கம்பெனி வேலி இலையைத்தான் பறிக்காக. மத்த இலைக்கு அந்தச் சத்து இல்லையாம்ல."

"முத்துமாரிம்மா, நாங்க தப்பாச் சொல்லிட்டோம்" என்று சார் ஆரம்பித்து, தட்டை எடுத்து அவள் கையில் கொடுத்து, எந்தக் குழியில் எது என்று சொன்னார். அவள் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். தட்டுப் பார்க்க நான்தான் அவளுக்குப் பழக்கியிருந்தேன்.

"அப்ப இலை ஒண்ணும் செய்யல."

"பெருசா இல்லம்மா."

"கழுவுன தண்ணிதான் செய்யுது. தூசியா?"

"கம்பெனித் தூசி. அதுல இருக்கிற உப்பு கிருமியைக் கொல்லுது. அது குடிக்கிறதுக்கு ஆகாது."

அவள் தட்டை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு கோபமில்லாமல், சந்தேகம் கேட்கிற குரலில்தான் கேட்டாள். "சார், நான் வாக்கப்பட்டு வந்ததுலருந்து அந்தத் தூசியைத்தான மூச்சுல இழுக்கேன். கிருமியைக் கொல்லுற தூசின்னா, எந்நெஞ்சுக்குள்ள கிருமி எப்படி சார் உக்காந்திருக்கு?"

நான் முந்திக்கொண்டு, "தட்டுல நடக்கிறது வேற, உடம்புல நடக்கிறது வேற முத்துமாரி" என்றேன்.

"அப்ப தட்டை எதுக்குக்கா எனக்குக் காட்டுனீக?"

வாசலில் நின்ற யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம். சார்தான் கடைசியில், "தெரியலைம்மா. தூசி நெஞ்சுக்குள்ள என்ன செய்யுதுன்னு நாங்க பாக்கவே இல்ல" என்றார். மாத்திரையைத் தொடர வேண்டும், எக்ஸ்ரே எடுக்க வேண்டும், அந்த வேலி இலையைப் பறிக்கக் கூடாது, எந்த இலையானாலும் நன்றாகக் கழுவிப் போட வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அவள் தலையாட்டினாள். ஒரு பெண் கதவோரத்திலிருந்து, "இலையைக் கழுவிப் போடணும், அம்புட்டுதான சார்? இதுக்கா இம்புட்டு நாளு?" என்று கேட்டாள். முத்துமாரி அவளை அதட்டி, எங்களுக்குக் காபி போட உள்ளே போனாள். அந்தக் காபியை நான் குடித்தேன். குடிக்காமல் எழுந்து வர எனக்குத் தைரியம் இல்லை.

சார் கருத்தரங்குக்காரர்களுக்கு எழுதிக் கட்டுரையைத் திரும்பப் பெற்றார். அந்தப் பெண்களின் நெஞ்சில் தூசி என்ன செய்கிறது என்று ஆராய வேண்டுமென நிர்வாகத்திடம் கேட்டார். "நம்மது கிருமித் துறை சார், தூசி நமக்கு எதுக்கு?" என்றார்கள். இன்னொரு தடவை கேட்டார். பிறகு ஓய்வு வயது வந்து போய்விட்டார். நான் இருந்தேன். குடிதண்ணீர், ஐஸ், பால் என்று வந்ததையெல்லாம் தட்டில் போட்டு அளந்துகொண்டு இருந்தேன். தூசியைப் பற்றி நான் யாரிடமும் கேட்கவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு சர்க்கரை மாத்திரை வாங்க அரசு மருத்துவமனைக்குப் போவது வழக்கமாகிவிட்டது. சமீபத்தில் அப்படிப் போனபோது, பெண்கள் வார்டைக் கடக்கையில் "நர்சக்கா!" என்று ஒரு குரல் கேட்டது. கட்டிலில் முத்துமாரி உட்கார்ந்திருந்தாள். மூக்கில் ஆக்சிஜன் குழாய். தோள் எலும்பு மேலேறி இறங்கிக்கொண்டிருந்தது. நுரையீரல் முழுக்கத் தழும்பாம், இனி வேலைக்குப் போகக் கூடாதாம் என்று பக்கத்தில் நின்ற மகள் சொன்னாள். எனக்குத் திரும்பிப் போய்விடலாம் போல இருந்தது. அவளோ பக்கத்துக் கட்டில் அம்மாவைக் கூப்பிட்டு என்னைக் காட்டினாள்.

"இந்தக்காதான், நான் சொல்லலை? பெரிய ஆராய்ச்சி பண்ணி, ஆடாதோடை இலையைக் கழுவிப் போடணும்னு கண்டுபிடிச்சவுக. அவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்து எங்க வீட்டுல சொல்லிட்டுப் போனாக. அன்னையிலருந்து நான் கழுவாம ஒரு இலை போட்டதில்ல."

அந்த அம்மா படுத்தபடியே என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். கேலி செய்கிறாளோ என்று முத்துமாரியின் முகத்தைப் பார்த்தேன். கேலியாக இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். அவள் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அதுக்குப் பெறகு வேற என்னக்கா கண்டுபிடிச்சீக?" என்று கேட்டாள்.

"ரிட்டயர்டு ஆயிட்டேன் முத்துமாரி" என்றேன். தரையைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது.

"அப்படியா? எம்புட்டு வருசம் உழைச்சிருக்கீக. நல்லா ரெஸ்ட் எடுங்கக்கா" என்றாள், ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கிக்கொண்டு.